பால் புரதத்தின் செயலூக்கப் பெப்டைடுகள்: வெட்டுதல், பிரித்தல், மெய்ப்பித்தல்

ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வலுவிழந்த குழந்தைகளைக் கவனித்த ஸ்வீடன் ஆய்வாளர் மெலாண்டர், 1950இல் ஒரு புதிய செய்தியை வெளியிட்டார். பாலில் உள்ள கேசீன் புரதத்தை நொதியால் சிதைக்கும்போது பாஸ்பேட் செறிந்த சிறு துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றைக் கொடுத்தபோது வைட்டமின் டி துணையில்லாமலே குழந்தைகளின் எலும்பில் கால்சியம் படிந்தது. பால் புரதம் என்றால் தசைக்கும் வளர்ச்சிக்கும் வேண்டிய கட்டுமானப் பொருள் என்று மட்டுமே கருதப்பட்ட காலம் அது. புரதத்தின் ஒரு துண்டு தனக்கென ஒரு வேலையைச் செய்யக்கூடும் என்ற எண்ணத்துக்கு இங்கேதான் தொடக்கம்.

இத்தகைய துண்டுகளைச் செயலூக்கப் பெப்டைடுகள் என்கிறோம். பெரும்பாலும் 2 முதல் 20 வரையான அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகள் இவை. முழுப் புரதத்துக்குள் இருக்கும்வரை இவை எதுவும் செய்வதில்லை. நொதியோ நுண்ணுயிரியோ நம் செரிமானமோ வெட்டி விடுவித்த பிறகுதான் செயல்படுகின்றன. ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை, கிருமிகளை ஒடுக்குபவை, கால்சியத்தைத் தாங்கிச் செல்பவை, நரம்பைத் தணிப்பவை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் 70 ஆண்டுகளுக்கு மேலான ஆய்வுக்குப் பிறகும் மருத்துவரும் பொதுமக்களும் நம்பிக் கையிலெடுக்கும் பொருள்களாக ஆனவை மிகச் சிலவே. ஏன் இப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை, பெப்டைடை உருவாக்கும் கட்டத்தில் இல்லை. அதைப் பிரித்தெடுக்கும் கட்டத்திலும் உடலுக்குள் அது சென்று சேரும் இடத்திலும் இருக்கிறது.

மூலப்பொருள்

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 33 கிராம் புரதம் உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். ஆல்பா எஸ்1, ஆல்பா எஸ்2, பீட்டா, கப்பா என நான்கு வகைக் கேசீன்கள் கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து மைசெல் எனப்படும் திரள்களாகப் பாலில் மிதக்கின்றன. எஞ்சிய ஒரு பங்கு வே புரதம். பால் திரிந்த பிறகு பிரியும் தெளிநீரில் கரைந்திருப்பவை இவை: பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்பா லாக்டால்புமின், சிறிதளவு லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள்.

பெப்டைடு தேடுபவர்களுக்குக் கேசீன் உவப்பான பொருள். இறுக்கமாக மடிந்திராத, தளர்வான புரதம் என்பதால் நொதி எளிதில் உள்ளே நுழைந்து வெட்டும். பீட்டா லாக்டோகுளோபுலின் இதற்கு நேர்மாறு. அதன் இறுகிய மடிப்பைப் பெப்சின் அசைப்பது கடினம். வெப்பமோ உயர் அழுத்தமோ கொடுத்து மடிப்பைத் தளர்த்திய பிறகுதான் பல நொதிகள் அதில் வேலை செய்கின்றன.

கேசீனில் புரோலின் என்னும் அமினோ அமிலம் நிறைய இருப்பது இன்னொரு சிறப்பு. புரோலின் உள்ள இடத்தைச் செரிமான நொதிகளில் பலவற்றால் வெட்ட முடியாது. அதனால் புரோலின் செறிந்த துண்டுகள் வயிற்றையும் சிறுகுடலையும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. பெயர்பெற்ற பால் பெப்டைடுகளில் பலவற்றில் புரோலின் இருப்பதற்கு இதுவே காரணம்.

வெட்டும் வழிகள்

ஆலைகளில் பரவலாக உள்ள வழி நொதிச் சிதைவு. ஒவ்வொரு நொதிக்கும் வெட்டும் இடம் வேறு. டிரிப்சின், லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்துள்ள பிணைப்பை மட்டும் வெட்டும். பெப்சின் கடும் அமிலத்தில் இயங்கும். பேசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து வரும் அல்கலேஸ் பல இடங்களில் தாராளமாக வெட்டும். எந்த நொதியைத் தேர்கிறோமோ அதுவே எந்தப் பெப்டைடு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

செயல்முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். கேசீன் கரைசலை பி.எச். 8 அளவில், வெதுவெதுப்பான நிலையில் வைத்து டிரிப்சினைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு பிணைப்பு அறும்போதும் ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்பட்டுக் கரைசல் அமிலத்தை நோக்கிச் சரியத் தொடங்கும். சரிவை உணர்ந்த கருவி சொட்டுச் சொட்டாகச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எவ்வளவு காரம் செலவானது என்பதிலிருந்து எத்தனை பிணைப்புகள் அறுந்தன என்று கணக்கிடலாம். ஒரு கிராம் கேசீனில் சுமார் 8.2 மில்லிமோல் பெப்டைடு பிணைப்புகள் உண்டு. அதில் எத்தனை விழுக்காடு அறுந்தது என்பதே சிதைவு அளவு. தொடக்கத்தில் காரம் விரைவாக இறங்கும், போகப் போக மந்தமாகும். விரும்பிய அளவு வந்ததும் 85 முதல் 95 டிகிரி வரை சில நிமிடங்கள் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்வார்கள். இங்கே நேரம் தவறினால், நாம் தேடும் பெப்டைடும் மேலும் வெட்டுப்பட்டு வீணாகிவிடும்.

இம்முறையில் இரண்டு தொல்லைகள். ஒன்று, சேர்த்த காரம் உப்பாகத் தங்கிவிடுகிறது. மற்றது கசப்பு. நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் புரதத்தின் உட்புறத்தில் மறைந்திருக்கும்வரை நாக்குக்குத் தெரியாது. வெட்டியதும் வெளிப்பட்டுக் கசக்கின்றன. கேசீன் சிதைவுகள் இதில் பேர்போனவை. முனைகளிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றும் நொதிகளைச் சேர்த்தோ, செயலூட்டிய கரியில் செலுத்தியோ கசப்பைக் குறைக்கிறார்கள். இரண்டிலும் பயனுள்ள பெப்டைடுகளும் கொஞ்சம் போய்விடும்.

இரண்டாவது வழி நொதித்தல். தயிரை உறைய வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தாமே உருவாக்கிக்கொள்ள முடியாதவை. ஆகவே செல் சுவரில் பதிந்துள்ள புரோட்டியேஸ் நொதியால் கேசீனை வெட்டி, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பாலில் மிச்சமிருக்கும் துண்டுகளே நமக்குக் கிடைக்கும் பெப்டைடுகள். லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ் இந்த வெட்டும் திறனில் முன்னணியில் நிற்பது. செலவு குறைவு, சுவையும் பழகியது. ஆனால் பாக்டீரியாவின் இனப்பிரிவு, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பெப்டைடின் அளவு மாறும். ஒரு நாள் கிடைத்தது மறுநாள் அதே அளவில் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவதாக, வேதியியல் தொகுப்பு முறையில் பெப்டைடைச் செயற்கையாகவே கட்டலாம். திட நிலைப் பெப்டைடு தொகுப்பைக் கண்டறிந்த மெரிஃபீல்டுக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வகத்தில் ஒரு பெப்டைடின் செயலை உறுதிசெய்ய இது இன்றியமையாதது. உணவுக்கான விலையில் இது கட்டுப்படியாகாது.

பிரித்தெடுத்தல் என்னும் இடுக்கண்

நொதி தன் வேலையை முடித்தபின் தொட்டியில் இருப்பது ஒரு பெப்டைடு அல்ல. நூற்றுக்கணக்கான பெப்டைடுகள், வெட்டுப்படாத புரதம், தனி அமினோ அமிலங்கள், உப்பு, நொதி எல்லாம் கலந்த கரைசல். இதில் நமக்கு வேண்டியது எவ்வளவு இருக்கும்? வேலின், புரோலின், புரோலின் என்ற மூன்று அமினோ அமிலங்களால் ஆன வி.பி.பி. பெப்டைடை எடுத்துக்கொள்வோம். பீட்டா கேசீனில் இது 84 முதல் 86 வரையான இடங்களில் அமைந்துள்ளது. பீட்டா கேசீனின் மூலக்கூறு எடை சுமார் 24,000 டால்டன், வி.பி.பி.யின் எடை 311. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 9 அல்லது 10 கிராம் பீட்டா கேசீன். எனவே ஒரு மூலக்கூறுகூட வீணாகாமல் வெட்டினாலும் லிட்டருக்கு 130 மில்லிகிராம் அளவுக்கு மேல் கிடைக்காது. நடைமுறையில் கிடைப்பது அதில் சிறு பங்கே.

ஆலை அளவில் முதலில் கைகொடுப்பது சவ்வு வடிகட்டல். 10,000 டால்டன் வரம்புள்ள அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வில் அழுத்தம் கொடுத்துச் செலுத்தினால் வெட்டுப்படாத புரதமும் நொதியும் தங்கிவிடும், பெப்டைடுகள் கடந்துவிடும். தங்கிய நொதியை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதால், வெட்டுவதையும் வடிகட்டுவதையும் ஒரே அமைப்பில் இணைக்கும் சவ்வு வினைக்கலங்கள் வந்தன. நானோ ஃபில்ட்ரேஷன், முன்பு சொன்ன உப்பைக் கடத்திவிட்டுப் பெப்டைடுகளைச் செறிவாக்குகிறது. சவ்வில் புரதம் படிந்து அடைத்துக்கொள்வதும், அதைக் கழுவ ஆகும் நீரும் காரமும் நேரமும் இதன் தீராத செலவுகள்.

சவ்வு அளவை மட்டுமே பார்க்கும் என்பது அடிப்படைக் குறை. 300 டால்டன் எடையில் பயனுள்ளதும் இருக்கும், பயனற்றதும் இருக்கும், கசப்பதும் இருக்கும். ஆகவே அளவோடு மின்னூட்டத்தையும் சேர்த்துப் பிரிக்கும் வழிகளைத் தேடினார்கள். மின்னூட்டம் கொண்ட நானோ சவ்வுகள் ஒரு வழி. மின்புலத்தின் உதவியால் நேர்மின், எதிர்மின் பெப்டைடுகளை எதிரெதிர்ப் பக்கம் இழுத்து அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வைக் கடக்கவைப்பது மற்றொன்று. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் இந்த மின்கூழ்ப் பிரிப்பு முறை விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது.

துல்லியமான பிரிப்புக்கு இன்றும் குரோமடோகிராஃபிதான். அயனிப் பரிமாற்றம் மின்னூட்டத்தாலும், ஜெல் வடிகட்டல் அளவாலும், எதிர்நிலை எச்.பி.எல்.சி. நீர்வெறுப்புத் தன்மையாலும் பிரிக்கின்றன. பெப்டைடு பிணைப்பு 214 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளியை உறிஞ்சுவதால், வெளிவரும் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். எந்த முகட்டில் செயல் இருக்கிறது என்று சோதித்து, அந்தப் பகுதியை மீண்டும் பிரித்து, மீண்டும் சோதித்து முன்னேறுவார்கள். ஆனால் எதிர்நிலை முறையில் ஓடும் அசிட்டோநைட்ரைலும் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமும் உணவில் சேரத் தகாதவை. கிடைக்கும் அளவும் மில்லிகிராம் கணக்குதான். எனவே உணவுத் தொழிலில் எவரும் தூய பெப்டைடு வரை போவதில்லை. செறிவூட்டிய கலவையோடு நின்றுவிடுகிறார்கள்.

சில பெப்டைடுகளுக்கு மட்டும் அவற்றின் இயல்பே பிரிப்பை எளிதாக்கிவிடுகிறது. மெலாண்டர் கண்ட கேசீன் பாஸ்போபெப்டைடு அப்படிப்பட்டது. மூன்று பாஸ்போசெரின்களும் இரண்டு குளூட்டாமிக் அமிலங்களும் அடுத்தடுத்து நிற்கும் பகுதி அதில் உண்டு. டிரிப்சினால் சிதைத்த கேசீனை பி.எச். 4.6க்குக் கொண்டுவந்தால் வெட்டுப்படாத கேசீன் அடியில் படியும். தெளிந்த நீரில் கால்சியம் குளோரைடும் எத்தனாலும் சேர்த்தால், கால்சியத்தைப் பற்றிக்கொண்ட பாஸ்போபெப்டைடுகள் மட்டும் வெண்மையாகத் திரண்டு வீழும். மைய விலக்கியில் சுழற்றி எடுத்து உலர்த்தினால் பொருள் தயார். விலையுயர்ந்த குரோமடோகிராஃபிப் பத்தியும் வேண்டாம், நச்சுக் கரைப்பானும் வேண்டாம்.

அடையாளம் காணுதல்

பிரித்த துண்டு எது என்று சொல்வது நிறை நிறமாலைமானியின் வேலை. பெரிய உயிர் மூலக்கூறுகளை உடைக்காமல் அயனியாக்கும் வழிகளுக்காக ஃபென், டனாகா ஆகியோர் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த வழிகள் வந்தபின் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான பெப்டைடுகளை அடையாளம் காண முடிகிறது. இருந்தும் இரண்டு, மூன்று அமினோ அமிலங்களே கொண்ட மிகக் குறுகிய பெப்டைடுகள் இன்னும் போக்குக்காட்டுகின்றன. லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் நிறை ஒன்றே என்பதால் இரண்டையும் வேறுபடுத்தத் தனிக் கவனம் தேவை.

கணினியிலும் தேடலாம். பால் புரதங்களின் வரிசை முழுதும் தெரியும், நொதி எங்கே வெட்டும் என்பதும் தெரியும். போலந்தில் உருவான பயோபெப் போன்ற தரவுத்தளங்களில் அறியப்பட்ட பெப்டைடுகளும் உண்டு. ஒப்பிட்டால் எது கிடைக்கலாம் என்று ஊகிக்க முடியும். ஊகம் ஊகமே. நொதி தொட்டிக்குள் விதிப்படி முழுமையாக வெட்டுவதில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ரத்த அழுத்தப் பெப்டைடுகளின் வரலாறு இதற்கு நல்ல பாடம். பிரேசிலின் ஜரராக்கா பாம்பு நஞ்சில் இருந்த பெப்டைடுகளை 1965இல் ஃபெரேரா ஆராய்ந்தார். ரத்தக்குழாயைச் சுருக்கும் ஏ.சி.இ. நொதியை அவை தடுத்தன. அந்த வழியில் பிறந்த கேப்டோபிரில் மாத்திரை 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே, டிரிப்சினால் சிதைத்த கேசீனிலும் அதே நொதியைத் தடுக்கும் பெப்டைடு இருப்பதை ஜப்பானில் மருயாமாவும் சுசுகியும் காட்டினர். பிறகு 1995இல், கால்பிஸ் நிறுவனத்தின் புளித்த பாலிலிருந்து, முன்பு சொன்ன வி.பி.பி.யும், ஐசோலூசின், புரோலின், புரோலின் கோத்த ஐ.பி.பி.யும் பிரித்தறியப்பட்டன. 1996இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், நாளுக்கு 95 மில்லி புளித்த பாலை 8 வாரம் குடித்த உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்கு அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. ஜப்பானில் சிறப்பு நலப் பயன் உணவு என்ற முத்திரையுடன் பொருள்கள் சந்தைக்கு வந்தன. பின்லாந்தின் வாலியோ நிறுவனமும் எவோலஸ் என்ற பெயரில் களமிறங்கியது.

பிறகு வந்தவை வேறு கதை சொல்லின. 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு 135 பேரிடம் எந்த விளைவையும் காணவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஆசியர்களிடம் பலன் கூடுதலாகவும் ஐரோப்பியர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல், இப்பெப்டைடுகளுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காரண காரிய உறவு நிறுவப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

இதன் காரணம் கணக்கிலேயே தெரிகிறது. சோதனைக் குழாயில் ஏ.சி.இ.யைப் பாதியாக ஒடுக்க வி.பி.பி. 9 மைக்ரோமோலாரும், ஐ.பி.பி. 5 மைக்ரோமோலாரும் வேண்டும். கேப்டோபிரில் இதைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது. 2007இல் வெளியான அளவீட்டில், பெப்டைடு செறிந்த பானத்தைக் குடித்தவர்களின் ரத்தத்தில் ஐ.பி.பி. ஒரு நானோமோலாரை ஒட்டியே இருந்தது. தேவையான அளவில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. குடல் சுவரிலும் ரத்தத்திலும் உள்ள நொதிகள் வழியெங்கும் பெப்டைடுகளைச் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. ஏதேனும் பலன் இருந்தால் அது வேறு பாதையில் நிகழ வேண்டும். அந்தப் பாதை எது என்று காட்டாதவரை கூற்று நிலைக்காது.

இனி வெற்றிபெற்றவற்றைப் பாருங்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் எரிக் ரெனால்ட்ஸ் குழு, கேசீன் பாஸ்போபெப்டைடு கால்சியம் பாஸ்பேட்டைக் கரைந்த நிலையில் தாங்கி நிற்பதைப் பல்லுக்குப் பயன்படுத்தியது. பல் எனாமல் இழந்த தாதுவை மீண்டும் சேர்க்கும் பசையாக அது இன்று பல் மருத்துவர்களிடம் இருக்கிறது. கப்பா கேசீனை ரென்னட் நொதி 105, 106ஆம் இடங்களுக்கு நடுவே வெட்டும்போது பிரியும் கிளைக்கோமேக்ரோபெப்டைடு, சீஸ் ஆலையின் தெளிநீரில் தானாகவே வந்து சேர்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் அயனிப் பரிமாற்றத்தில் பிரிப்பதும் இயலும். ஃபீனைல் அலனின் அறவே இல்லாத பெப்டைடு இது. அந்த அமினோ அமிலத்தைத் தாங்க முடியாத பி.கே.யூ. நோயாளிகளுக்கு, மற்ற வே புரதங்களின் கலப்பைக் குறைத்து, குறைவான சில அமினோ அமிலங்களைச் சேர்த்து உணவாகத் தருகிறார்கள். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு நன்கு சிதைத்த கேசீன் உணவு 1942 முதலே இருக்கிறது. ஒவ்வாமையைத் தூண்டும் பெரிய துண்டுகளை அகற்ற அங்கே அல்ட்ரா ஃபில்ட்ரேஷனே போதும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான அம்சங்கள் இரண்டு. முழுசாக ரத்தத்தில் சேர வேண்டிய கட்டாயம் எதற்கும் இல்லை. வாயிலோ குடலிலோ, அல்லது வெறும் ஊட்டமாகவோ அவை பயன்தருகின்றன. மேலும், மலிவாகப் பிரிக்க உதவும் ஓர் இயற்பண்பு ஒவ்வொன்றுக்கும் உண்டு. லாக்டோஃபெரினைப் பெப்சின் வெட்டும்போது கிடைக்கும் லாக்டோஃபெரிசின் இந்த வரிசையில் சேரும் தகுதியுடையது. 25 அமினோ அமிலங்கள் கொண்ட இது நேர்மின்னூட்டத்தால் கிருமிகளின் சவ்வைத் தாக்குகிறது. அதே மின்னூட்டம் பிரிப்புக்கும் துணைசெய்யும்.

ஏ2 பாலும் நம் நாட்டு நிலையும்

பெப்டைடு அறிவியல் நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்தது ஏ2 பால் என்ற பெயரில். பீட்டா கேசீனின் 67ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1, புரோலின் இருந்தால் ஏ2. ஹிஸ்டிடின் உள்ள இடத்தில் வெட்டு எளிதாக விழுந்து பீட்டா கேசோமார்பின் 7 வெளிவரும். ஓபியம் போல நரம்பு ஏற்பிகளில் ஒட்டக்கூடிய இவ்வகைப் பெப்டைடுகள் 1979இல் கண்டறியப்பட்டவை. நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் ஏ2 வகையே மிகுதி என்பது உண்மை. ஆனால் அந்தப் பெப்டைடு நோய்களுக்குக் காரணம் என்று நிறுவச் சான்று இல்லை என்பதே 2009இல் ஐரோப்பிய ஆணையம் செய்த மீளாய்வின் முடிவு. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 கூற்றுகளை உறைகளிலிருந்து நீக்கச் சொன்ன உணவுப் பாதுகாப்பு ஆணையம், சில நாள்களிலேயே அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றது. நாட்டு மாட்டைக் காக்க வலுவான காரணங்கள் பல உண்டு. நிறுவப்படாத மருத்துவக் கூற்றை அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

2023-24இல் சுமார் 239 மில்லியன் டன் பால் கறந்த, உலகின் முதல் பால் உற்பத்தி நாடு இந்தியா. பெப்டைடு தொழிலுக்கு இதைவிட வளமான களம் இருக்க முடியாது. ஒன்றை மட்டும் தெளிவாகப் பார்க்க வேண்டும். மேலை நாடுகளில் வே புரதம் சீஸ் ஆலையிலிருந்து வருகிறது. நம்மிடம் மிகுதியாகக் கிடைப்பது பன்னீர் தெளிநீர். பன்னீருக்குப் பாலைக் கொதிநிலை அருகே சூடாக்கி அமிலம் சேர்ப்பதால் வே புரதத்தின் பெரும்பகுதி கேசீனோடு சேர்ந்தே திரண்டுவிடுகிறது. ரென்னட் வெட்டு நிகழாததால் கிளைக்கோமேக்ரோபெப்டைடும் அதில் இல்லை. மேலை நாட்டு ஆலையை அப்படியே பெயர்த்து வைத்தால் பலன் தராது. எருமைப் பாலின் கேசீன், நம் தயிர் இனப்பிரிவுகள், சவ்வு அளவிலேயே முடியும் எளிய பிரிப்பு ஆகியவையே நம் கைக்கெட்டும் வழிகள்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பெப்டைடு ஒன்றை அறிவிக்கும்போது, சோதனைக் குழாய் எண்ணோடு நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் பாலிலிருந்து எவ்வளவு கிடைத்தது, எந்தப் பிரிப்பு முறையில், செரிமானத்தைக் கடந்து எவ்வளவு மிஞ்சியது, மனிதரிடம் சோதித்தீர்களா என்ற நான்கையும் எழுதுங்கள். இந்த நான்கும் இல்லாத கண்டுபிடிப்பு ஆலைக்கும் உதவாது, நோயாளிக்கும் உதவாது. வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தயிரும் மோரும் நல்ல உணவு, நாள்தோறும் உண்ணுங்கள். பெப்டைடு என்ற சொல்லை உறையில் பார்த்து ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.